வழித்துணையோடு என்ன பேசி வைப்பது?

பாலக்கோடு பெரிய நகரமன்று. ஆயினும் வழிகள் அதை விட்டுவைக்கவில்லை. தருமபுரியிலிருந்து இராயக்கோட்டை வழியாக ஓசூர் செல்லும் சாலை அதன் ஊடே போகிறது. சேலத்திலிருந்து பெங்களூரு செல்லும் இருப்புப்பாதையும் அதைத் தொட்டுக்கொண்டு செல்கிறது. இங்குள்ள சந்தையில் லாரியேறும் தக்காளி, நாம் பார்த்திராத ஊர்களின் அடுப்படிகளைப் பார்க்கிறது. தருமபுரிப் பக்கம் போனாலும் ஓசூர்ப் பக்கம் போனாலும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் ஏறிவிடலாம். 2010ஆம் ஆண்டில் எண்கள் மாற்றி அமைக்கப்படும்வரை நம் பகுதியில் அதன் எண் 7. இன்று அது கன்னியாகுமரியையும் சிறீநகரையும் 3,700 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஒரே கோட்டால் இணைக்கிறது.

அந்தக் கோட்டின் வடமுனைவரை ஒருமுறை காரிலேயே போய்வர வேண்டும் என்னும் ஆசை இரண்டு நண்பர்களுக்கு எழுந்தால் அதில் வியப்பில்லை. தேநீர்க் கடையில் பேச்சுத் தொடங்குகிறது. கைப்பேசியில் நிலப்படம் விரிகிறது. ஐதராபாத்தில் ஓர் இரவு, நாகபுரியில் ஓர் இரவு, ஆக்ராவில் இரண்டு நாள் என்று கணக்கு ஓடுகிறது. நாளொன்றுக்கு 400 கிலோமீட்டர் ஓட்டினாலும் சிறீநகர் சேர ஒரு வாரத்திற்கு மேலாகும். திரும்பிவர அதே அளவு. ஆக, இருபது நாளளவு இரண்டு பேர் ஒரு சிறிய காருக்குள் அடைந்து கிடக்கப் போகிறார்கள். எந்த ஊரில் எந்தக் கடையில் சாப்பாடு நன்றாக இருக்கும் என்பதுவரை பேசி முடிக்கிறார்கள். ஆனால் செலவு எப்படி, வண்டி பழுதானால் யார் பொறுப்பு, பாதி வழியில் ஒருவருக்குப் போதும் என்று தோன்றிவிட்டால் என்ன செய்வது என்று ஒருவர் தொடங்கினால், மற்றவர் சிரித்துக்கொண்டே, “நமக்குள்ள என்ன கணக்கு?” என்று பேச்சை முடித்துவிடுகிறார்.

அந்த மூன்று சொற்களைப் பற்றியே நாம் இங்குச் சிந்திக்க விரும்புகிறோம். நம் மக்கள் பேசும் இனிய சொற்களில் அது ஒன்று என்பதில் ஐயமில்லை. கணக்குப் பார்ப்பது வியாபாரிகளின் வேலை. நட்பு அதற்கு அப்பாற்பட்டது. முன்கூட்டியே எல்லாவற்றையும் பேசி வைப்பவன் நண்பனை நம்பவில்லை என்றுதானே பொருள்? இந்த வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. எதையும் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு புறப்படும் இருவரை நண்பர்கள் என்று அழைக்க நமக்கும் நாக்கு எழாது.

ஆயினும் வள்ளுவர் அதிகாரங்களை அடுக்கிய முறையைக் கவனிக்க வேண்டும். ‘நட்பு’ என்னும் 79ஆம் அதிகாரத்தை அடுத்து ‘நட்பாராய்தல்’ வருகிறது. அதற்கும் அடுத்துத்தான் ‘பழைமை’. நாட்பட்ட நண்பர்கள் ஒருவர்மேல் ஒருவர் எடுத்துக்கொள்ளும் உரிமையைப் பேசுவது அது. கணக்கு வேண்டாம் என்பது அந்த உரிமையின் மொழி. பள்ளிக்கூடத்திலிருந்து ஒன்றாக இருப்பவர்களுக்கு அந்த உரிமை இல்லையா என்று கேட்கலாம். உண்டு. ஆனால் அது ஊரில் சம்பாதித்த உரிமை. மாலையில் இரண்டு மணி நேரம் பேசிவிட்டு அவரவர் வீட்டுக்குப் போய்விடும் நட்பில், ஒருவர் குறட்டையை மற்றவர் கேட்டதில்லை. பசித்தால் ஒருவருக்குக் கோபம் வரும் என்பதை அவர் மனைவி அறிவார், நண்பர் அறியார். இருபது நாள் பயணம் என்பது, பழைய நண்பர்கள் இருவர் புதிதாக அறிமுகமாவது.

கத்தோலிக்கர்களாகிய நமக்குத் தோபித்து நூல் நினைவுக்கு வராமல் போகாது. பார்வையிழந்த முதியவர், மேதியா நாட்டில் கொடுத்து வைத்த பணத்தை வாங்கிவர மகனை அனுப்புகிறார். வழி தெரியாத மகன் ஒரு துணையைக் கூட்டி வருகிறான். முதியவர் அந்தத் துணைவரிடம் குலம் கேட்கிறார், குடும்பம் கேட்கிறார். நாளொன்றுக்கு ஒரு திராக்மா கூலி, வழிச்செலவு தனி என்று பேசி முடிக்கிறார். வந்திருப்பவர் வானதூதர் இரபேல் என்பது வாசிக்கும் நமக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. வானதூதரிடம் கூலி பேசியதற்காக நூல் அவரைக் குறை சொல்லவில்லை. பயணம் முடிந்ததும் கூலி கொடுக்க வேண்டிய நேரத்தில், கொண்டுவந்ததில் பாதியையே கொடுத்துவிட எண்ணுகிறார்கள் தந்தையும் மகனும். முதலில் ஒரு திராக்மா என்று பேசியிருந்ததால்தான் பின்னர் கொடுக்க முன்வந்த பாதி, கொடையாகத் தெரிகிறது. எதுவுமே பேசாதிருந்தால் அந்தப் பாதியும் போதுமா போதாதா என்ற தயக்கமே மிஞ்சியிருக்கும்.

இரபேல் அந்த வீட்டாருக்கு அயலார், அதனால் பேசினார்கள் எனலாம். அப்படியானால் நம் கண்முன்னே நாள்தோறும் கடந்து போகும் லாரிகளைப் பார்ப்போம். நெடுந்தொலைவு லாரிகளில் இரண்டு ஓட்டுநர்கள் செல்வது வழக்கம். ‘நேஷனல் பர்மிட்’ லாரிகளில் இருவர் இருந்தே ஆக வேண்டும் என்று விதியும் இருந்தது. 2018ஆம் ஆண்டில் அது நீக்கப்பட்டது. 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளொன்றுக்கு எட்டு மணி நேரமே வேலை என்றும், ஐந்து மணி நேர வேலைக்குப் பின் அரை மணியாவது ஓய்வு வேண்டும் என்றும் சொன்னது. ஏட்டில் இருந்தது எவ்வளவு தூரம் சாலைக்கு வந்தது என்பது வேறு கதை.

அந்த லாரியில் ஒருவர் ஓட்ட, மற்றவர் பின்னால் படுத்து உறங்குகிறார். தம் உயிரை ஓட்டுபவரின் கண்ணிமைகளில் வைத்துவிட்டு உறங்குகிறார். இதைவிடப் பெரிய நம்பிக்கையை நாம் எங்கே காண முடியும்? ஆனால் அந்த நம்பிக்கைக்கு அடியில் ஒரு கணக்கு இருக்கிறது. எந்த ஊர்வரை யார் ஓட்டுவது, எங்கே மாற்றிக்கொள்வது, பேட்டாவை எப்படிப் பிரிப்பது எல்லாம் புறப்படும் முன்பே பேசி முடித்தவை. உறக்கம் வந்தால் எழுப்புவது அங்கே தோல்வியாகாது, அது தொழில்.

காரில் போகும் நண்பர்களின் நிலை வேறு. சேலம் போகும் வழியில் தொப்பூர்க் கணவாயின் இறக்கத்தில் எத்தனை உயிர்கள் போயிருக்கின்றன என்பதை நம் மாவட்டத்தாருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அப்படி எத்தனையோ இறக்கங்கள் அந்த நெடுஞ்சாலையில் உண்டு. நள்ளிரவு தாண்டிவிட்டது. ஓட்டுபவருக்குக் கண் சொருகுகிறது. ஆனால் பகல் முழுவதும் நண்பர்தான் ஓட்டினார். இப்போது அவரை எழுப்பினால் நன்றாக இருக்குமா? அருகில் இருப்பவரும் விழித்துத்தான் இருக்கிறார். கார் கோட்டைவிட்டு விலகுவதைப் பார்க்கிறார். சொன்னால் ஓட்டத் தெரியாது என்று குறை சொன்னதாக ஆகிவிடுமே என்று பேசாதிருக்கிறார். இருவரும் நல்லவர்கள். இருவரும் மற்றவர் மனம் நோகக் கூடாது என்று எண்ணுகிறார்கள். அந்த இரண்டு நல்லெண்ணங்களும் சேர்ந்து காரை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதை நாம் விவரிக்க விரும்பவில்லை.

‘போதும், நிறுத்து’ என்று யார் சொன்னாலும் மற்றவர் காரணம் கேட்காமல் நிறுத்துவது என்று வீட்டுத் திண்ணையில் பகல் வெளிச்சத்தில் பேசி வைக்க ஒரு நிமிடம் போதும். அதையே இரவு இரண்டு மணிக்கு முதன்முறையாகச் சொல்ல நேர்ந்தால் அது குற்றச்சாட்டாக ஒலிக்கிறது. முன்கூட்டிப் பேசுவது நம்பிக்கையின்மையின் அடையாளம் என்பவர்கள் இந்த இடத்தைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். இங்கே பேசி வைப்பது நண்பனைக் கட்டிப்போடுவதற்காக அன்று. முடியவில்லை என்று சொல்ல அவனுக்கு ஒரு வாசலைத் திறந்து வைப்பதற்காக. நண்பனுக்கு நாம் செய்யும் மரியாதைகளில் அதை உயர்ந்ததாகவே கருதுகிறோம்.

பணத்திலும் இதே வாசல் தேவைப்படுகிறது. ஒருவர் ஓசூர்த் தொழிற்சாலையில் மாதச் சம்பளம் வாங்குபவர். மற்றவர் பாலக்கோட்டுப் பக்கம் தக்காளி போட்டிருப்பவர் என்று வைத்துக்கொள்வோம். முன்னவருக்குத் தம் விடுப்பு நாள்களும் சம்பள நாளும் தெரியும். பின்னவருக்குப் பறிப்பு வரும் வாரத்தில் என்ன விலை போகும் என்பது தெரியாது. பறித்த கூலிக்கும் கட்டாமல் பழத்தைச் சாலையோரம் கொட்டியவர்களை அவர் கண்டிருக்கிறார். “மாப்பிள்ளை, செலவ நான் பாத்துக்கறேன், நீ வந்தா போதும்” என்கிறார் முன்னவர். உண்மையான அன்போடுதான் சொல்கிறார். ஆனால் ஐந்தாம் நாள் வாக்கில் எந்த விடுதியில் தங்குவது, எப்போது கிளம்புவது, எதைப் பார்க்காமல் விடுவது என்பதையெல்லாம் பணம் கொடுப்பவரே முடிவு செய்வது வழக்கமாகிவிடுகிறது. மற்றவர் மறுத்துப் பேசுவதில்லை. சாப்பாட்டுக் கடையில் விலைப்பட்டியலைப் பார்த்துவிட்டுப் பசியில்லை என்கிறார். கொடுத்தவர் ஒரு நண்பரோடு புறப்பட்டு, தம்மையறியாமலே ஒரு விருந்தாளியோடு பயணம் செய்து கொண்டிருக்கிறார்.

மெலிந்த பைக்கு ஏற்றபடி பயணம் அமைவதே நேர்மை என்பது நம் கருத்து. இருவரும் சமமாகப் போட்டு, பொதுப் பையிலிருந்து செலவு செய்வது நல்ல முறை. (சீடர்களிடமும் பொதுப் பணப்பை இருந்தது, அது யூதாசிடம் இருந்தது என்பதையும் மறந்துவிட வேண்டாம்.) காசுமீரத்துக்குப் பணம் போதாதென்றால் ஐதராபாத் போதும், அதுவும் இயலாதென்றால் ஒகேனக்கல் எங்கும் போய்விடவில்லை.

பையே இல்லாமல் போனவர்களும் உண்டு. இங்கிருந்து நூறு கிலோமீட்டர் அளவே தொலைவிலுள்ள பெங்களூரில், ஒரு காப்பிக் கடையில் உருவானது அந்தத் திட்டம். அணுகுண்டை எதிர்த்துப் போராடியதற்காக 1961ஆம் ஆண்டில் 89 வயது மெய்யியலாளர் பெர்ட்ரண்ட் ரசல் சிறை சென்ற செய்தியைப் படித்த சதீஷ் குமாரும் இ.பி. மேனனும், அந்த வயதில் அவர் அதைச் செய்யும்போது இளைஞர்களாகிய நாம் என்ன செய்கிறோம் என்று தங்களையே கேட்டுக்கொண்டார்கள். மாஸ்கோ, பாரிசு, இலண்டன், வாசிங்டன் என்னும் நான்கு தலைநகரங்களுக்கும் நடந்தே செல்வது என்று முடிவாயிற்று. ஆசி கேட்கப் போனபோது, கையில் காசு வைத்துக்கொள்ளாதீர்கள், புலால் உண்ணாதீர்கள் என்று வினோபா பாவே அறிவுரை கூறினார். 1962 சூன் 1 அன்று தில்லி ராஜ்காட்டிலிருந்து புறப்பட்டார்கள். பாகிஸ்தான் எல்லைக்கு முன் நண்பர் ஒருவர், பகை நாடாயிற்றே என்று உணவுப் பொட்டலங்களைக் கொடுத்தபோது, அவை அவநம்பிக்கையின் பொட்டலங்கள் என்று மறுத்துவிட்டதாகச் சதீஷ் குமார் எழுதியிருக்கிறார். கடல்களைக் கப்பலில் கடந்து, மற்றதெல்லாம் நடந்து, ஏறத்தாழ 8,000 மைல் கடந்து 1964ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வாசிங்டனில் முடித்தார்கள்.

இவர்களைக் காட்டி, திட்டமே வேண்டாம், நம்பிக்கை போதும் என்று சிலர் பேசுவதுண்டு. அது சரியான வாசிப்பன்று. எங்கே படுப்பது, எதை உண்பது என்பதை அவர்கள் திட்டமிடவில்லை என்பது உண்மை. ஆனால் இருவரையும் ஒரேபோல் கட்டுப்படுத்தும் இரண்டு விதிகளைத் தெளிவாக ஏற்றுக்கொண்ட பிறகே காலடி எடுத்து வைத்தார்கள். காசில்லை என்ற விதி அவர்களிடையே உள்ளவன், இல்லாதவன் என்ற பிரிவே எழாமல் செய்துவிட்டது. ஓசூர் நண்பருக்கும் பாலக்கோட்டு நண்பருக்கும் நேர்ந்தது அவர்களுக்கு நேர வழியில்லை. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறோம். உலக அமைதிக்காக நடந்தவர்களுக்கு வழியிலுள்ளோர் சோறிட்டார்கள். ஊர் பார்க்கப் போகிறவர் அதேபோல் வெறுங்கையோடு கிளம்பிப் பிறர் வீட்டுத் திண்ணையை எதிர்பார்ப்பது துறவாகாது.

எவ்வளவு பேசியும் ஒத்துவராத இடமும் உண்டு. திருத்தூதர் பணிகள் 15ஆம் அதிகாரம் அப்படி ஒன்றை மறைக்காமல் சொல்கிறது. பவுலும் பர்னபாவும் முன்பு சென்ற ஊர்களுக்கு மீண்டும் போய்வரத் திட்டமிடுகிறார்கள். யோவான் மாற்கையும் கூட்டிச் செல்வோம் என்கிறார் பர்னபா. முதல் பயணத்தில் பாதியிலேயே நம்மை விட்டுத் திரும்பிவிட்டவரை எப்படிச் சேர்ப்பது என்கிறார் பவுல். அன்று எருசலேமில் எல்லாரும் பவுலைக் கண்டு அஞ்சியபோது அவரைத் திருத்தூதரிடம் அழைத்துச் சென்றவர் இதே பர்னபாதான். அந்த நன்றிக்கடனுக்காகப் பவுல் இணங்கவில்லை. பழைய உதவியைச் சொல்லிக்காட்டிப் பர்னபா வற்புறுத்தியதாகவும் நூலில் இல்லை. கருத்து வேறுபாடு முற்றியது. யார் சொன்னது சரி என்று தீர்ப்பளிக்காமலே நூலாசிரியர் மேலே செல்கிறார்.

அவர்கள் பிரிந்தது அந்தியோக்கியாவில், புறப்படும் முன்பே. மனத்தில் ஒன்றை வைத்துக்கொண்டு கப்பலேறி, நடுவழியில் ஓர் அயலூரில் மாற்கை வைத்துக்கொண்டே சண்டையிட்டிருந்தால் அந்த இளைஞரின் நிலை என்னவாகியிருக்கும்? பர்னபா மாற்கைக் கூட்டிக்கொண்டு சைப்பிரசு சென்றார். பவுல் சீலாவைத் தேர்ந்துகொண்டு சிரியா, சிலிசியா வழியாகப் போனார். ஒரு பயணம் இரண்டாயிற்று. திமொத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தில் பவுல், மாற்கு தம் பணிக்குப் பயன்படுவார், அவரை உடன் கூட்டிக்கொண்டு வா என்று கேட்கிறார். கொரிந்தியருக்கு எழுதும்போது பர்னபாவின் பெயரைத் தம் பெயரோடு சேர்த்தே மதிப்புடன் குறிப்பிடுகிறார். ஆனால் அவ்விருவரும் மீண்டும் ஒருமுறை சேர்ந்து வழி நடந்தார்களா என்பதைத் திருத்தூதர் பணிகள் சொல்லவில்லை.