தோற்ற விளையாட்டும் பழியின் அறமும்

ஒரு படைப்பு தோற்றால் அதன் பழி யாரைச் சேரும், அதை நம்பி ஏமாந்தவர்கள் படைத்தவரை எந்த அளவுக்குக் கடிந்துகொள்ளலாம், கடிந்த பின் மன்னிக்கும் கடமை அவர்களுக்கு உண்டா என்னும் கேள்விகள் அறவியலில் பழையவை. கடந்த சில பத்தாண்டுகளில் அவை மிகுந்த சூட்டோடு விவாதிக்கப்படும் களங்களுள் ஒன்றாக வீடியோ விளையாட்டு உலகம் வளர்ந்திருக்கிறது. விளையாட்டை வாங்குபவர் பல வேளைகளில் அது வெளிவருவதற்கு முன்பே முழு விலையைச் செலுத்திக் காத்திருக்கிறார். வாங்கிய பின் பல பத்து மணி நேரத்தை அதற்குக் கொடுக்கிறார். அதன் கதைமாந்தராகத் தாமே நின்று செயல்படுகிறார். ஆகவே அது பழுதாக அமையும்போது அவர் அடையும் ஏமாற்றம் பண இழப்போடு நின்றுவிடாமல் நம்பிக்கைத் துரோகமாகவே உணரப்படுகிறது. இணையத்தில் விளையாட்டாளர்களின் பேச்சில் ஏளனமும் சாபமும் குற்றச்சாட்டும் மன்னிப்பும் ஒன்றையடுத்து ஒன்று வருவதற்கு இதுவே காரணம். சமயங்களும் தத்துவங்களும் பழி பற்றிச் சிந்தித்து வைத்திருப்பவற்றோடு அந்தப் பேச்சை ஒப்பிட்டு ஆராய்ந்தால், அதில் நியாயமானது எது, வரம்பு மீறியது எது என்பது தெளிவாகும்.

இத்தோல்விகளுள் மிகவும் பெயர்பெற்றது அடாரி நிறுவனம் 1982 டிசம்பரில் வெளியிட்ட 'ஈ.டி.' என்னும் விளையாட்டு. ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் இயக்கிய அதே பெயருடைய திரைப்படம் அவ்வாண்டு ஜூனில் வெளியாகிப் பெருவெற்றி பெற்றதைத் தொடர்ந்து, அடாரியின் தாய் நிறுவனமான வார்னர் கம்யூனிகேஷன்ஸ், இரண்டு கோடி டாலருக்குக் குறையாதது என்று சொல்லப்படும் தொகைக்கு அதன் விளையாட்டு உரிமத்தைப் பெற்றது. பேச்சுவார்த்தை ஜூலை இறுதியில்தான் முடிந்தது. ஆயினும் கிறிஸ்துமஸ் விற்பனையைத் தவறவிடக் கூடாது என்பதற்காக, வழக்கமாகப் பல மாதங்கள் எடுக்கும் வேலை, ஹோவர்ட் ஸ்காட் வார்ஷா என்னும் நிரலரிடம், அதாவது கணினிக்கான கட்டளைத் தொடர்களை எழுதுபவரிடம், ஏறத்தாழ ஐந்து வாரக் கெடுவில் ஒப்படைக்கப்பட்டது. அவர் கெடுவுக்குள் முடித்துக் கொடுத்தார். ஆனால் வேற்றுக்கோள் உயிரியை நடத்திச் சென்று தொலைபேசியின் மூன்று துண்டுகளைத் தேடச் செய்யும் அந்த விளையாட்டில், சற்றே பிசகினாலும் அது குழிக்குள் விழுவதும், ஏறி வந்த கணமே மீண்டும் விழுவதும் வாங்கியவர்களைச் சலிப்படையச் செய்தன. கார்ட்ரிட்ஜ் எனப்படும், விளையாட்டைப் பதித்து விற்கும் செருகுபெட்டிகள் லட்சக்கணக்கில் தேங்கின. 1983 செப்டம்பரில் அடாரி தன் தேக்கச் சரக்கை நியூ மெக்சிகோ மாநிலத்து அலமகோர்டோ நகரின் குப்பைக் கிடங்கில் கொட்டிப் புதைத்து, மேலே கான்கிரீட் ஊற்றி மூடியது.

அமெரிக்க வீட்டு விளையாட்டுச் சந்தை அக்காலத்தில்தான் சரிந்தது. ஆண்டுக்கு ஏறத்தாழ 300 கோடி டாலராக இருந்த வருவாய் 1985 வாக்கில் 10 கோடி டாலர் அளவுக்கு இறங்கியதாகக் கணக்கிடப்படுகிறது. இவ்விரு நிகழ்வுகளையும் இணைத்து, ஒரு மனிதர் ஐந்து வாரத்தில் எழுதிய விளையாட்டு ஒரு தொழிலையே கொன்றுவிட்டது என்னும் கதை உருவாயிற்று. அது இன்றும் விளையாட்டாளர்களால் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. உண்மை நிலவரம் வேறு. எண்ணற்ற நிறுவனங்கள் தரமற்ற விளையாட்டுகளைச் சந்தையில் குவித்திருந்தன. வீட்டுக் கணினிகளின் விலை வேகமாகக் குறைந்துகொண்டிருந்தது. அடாரியே 1982இன் தொடக்கத்தில் வெளியிட்ட 'பேக்-மேன்' பதிப்புக்கு, புழக்கத்தில் இருந்த அதன் விளையாட்டுக் கருவிகளின் எண்ணிக்கையையும் மிஞ்சி, ஏறத்தாழ 1.2 கோடி கார்ட்ரிட்ஜுகளைத் தயாரித்திருந்தது. 2014 ஏப்ரல் 26 அன்று ஓர் ஆவணப்படக் குழுவின் முயற்சியால் அக்குப்பைக் கிடங்கு தோண்டப்பட்டபோது, 'ஈ.டி.'யோடு 'சென்டிபீட்' போன்ற நல்ல பெயர் பெற்ற விளையாட்டுகளும் மண்ணிலிருந்து வெளிவந்தன. புதைக்கப்பட்டது ஒரு நிறுவனத்தின் பல தலைப்புகளின் மிகை உற்பத்தி. பழி மட்டும் ஒரு தலைப்பின்மேல் ஏறியிருந்தது.

பலருடைய குற்றம் ஒன்றின்மேல் ஏற்றப்பட்டுப் பாலைநிலத்துக்கு அனுப்பப்படும் இந்தச் செயல்முறைக்குச் சமய வரலாற்றில் பெயர் உண்டு. எபிரேய வேதத்தின் லேவியராகமம் பதினாறாம் அதிகாரம் பாவநிவாரண நாளின் சடங்கை விவரிக்கிறது: இரண்டு ஆட்டுக்கடாக்களுக்குச் சீட்டுப் போடப்பட்டு, ஒன்று கர்த்தருக்குப் பலியாகிறது, மற்றொன்றின் தலையில் ஆசாரியன் இரு கைகளையும் வைத்து மக்களின் அக்கிரமங்கள் அனைத்தையும் அறிக்கையிட்டு, அதை வனாந்தரத்துக்குத் துரத்திவிடச் செய்கிறான். தமிழ் விவிலியம் அந்த ஆட்டைப் 'போக்காடு' என்கிறது. பிரெஞ்சுச் சிந்தனையாளர் ரெனே ஜிரார்ட், 'ஈ.டி.' வெளியான அதே 1982ஆம் ஆண்டில் இப்பொருள் பற்றித் தனி நூல் வெளியிட்டார். நெருக்கடியில் சிக்கிய சமூகம் தன் உட்பூசல்களை ஒருவர்மேல் திரட்டி ஏற்றி, அவரை ஒருமனதாக வெளியேற்றுவதன் வழியே அமைதி அடைகிறது என்பதும், அவ்வாறு செய்பவர்கள் தாம் செய்வது இன்னதென்று அறிவதில்லை என்பதும், வெளியேற்றப்பட்டவரே பிற்காலத்தில் புனிதராக்கப்படுவதும் உண்டு என்பதும் அவருடைய கோட்பாட்டின் சாரம். அலமகோர்டோவில் தோண்டியெடுத்த 'ஈ.டி.' பிரதிகளுள் ஒன்று இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகிறது. நகர நிர்வாகம் விற்ற பிரதிகளைச் சேகரிப்பாளர்கள் ஏலத்தில் போட்டியிட்டு வாங்கினார்கள். சபிக்கப்பட்ட பொருள் போற்றுதலுக்குரியதாக மாறும் இந்தத் திருப்பத்தை ஜிரார்டின் கோட்பாடு நன்கு விளக்குகிறது.

வேதத்தின் சடங்குக்கும் தற்கால ஏளனத்துக்கும் இடையே உள்ள வேறுபாடு இங்கே முக்கியமானது. ஆசாரியன் ஆட்டின் தலையில் கை வைக்கும்போது குற்றம் தன்னுடையதும் தன் மக்களுடையதும் என்பதை வாய்விட்டு ஒப்புக்கொள்கிறான். அந்த அறிக்கை இல்லையேல் சடங்கு இல்லை. 'உலகின் மிக மோசமான விளையாட்டு' என்று ஒரு நிரலரின் உழைப்பைச் சுட்டும் பேச்சிலோ அந்த அறிக்கை முற்றிலும் விடுபட்டுப்போகிறது. கெடு விதித்த மேலாளர்கள், தேவையை மிகைப்படுத்திக் கணக்கிட்ட விற்பனைத் துறையினர், விளையாடிப் பாராமலே திரைப்படத்தின் பெயருக்காக வாங்கிய மக்கள் ஆகிய அனைவரும் அக்கதையிலிருந்து மறைந்துவிடுகிறார்கள். திருக்குறளின் பொருட்பால் வலியறிதல், காலமறிதல், தெரிந்து வினையாடல் ஆகியவற்றுக்குத் தனித்தனி அதிகாரங்கள் வகுத்திருப்பது, ஒரு வினை கெடுவதற்கு அதை ஏவியவரின் தேர்வும் காரணம் என்னும் அறத்தின்மேல்தான். இவ்வறத்தை ஏற்றுக்கொண்டவர்களும் உண்டு: 'சைபர்பங்க் 2077' என்னும் விளையாட்டு 2020 டிசம்பரில் பழைய விளையாட்டுக் கருவிகளில் சரிவர இயங்க முடியாத நிலையில் வெளிவந்து, சோனி நிறுவனம் தன் இணையக் கடையிலிருந்து அதை நீக்கியபோது, அதை உருவாக்கிய போலந்து நிறுவனமான சிடி புரொஜெக்டின் தலைவர்களுள் ஒருவரான மார்ச்சின் இவின்ஸ்கி, உழைத்த குழுவினரைக் குறைகூற வேண்டாம் என்றும், வெளியிடும் முடிவு தம்முடையதும் நிர்வாகக் குழுவினுடையதுமே என்றும் 2021 ஜனவரியில் வெளிப்படையாக அறிவித்தார். அந்த வாக்குமூலம் விளையாட்டைச் சீராக்கிவிடவில்லை. எனினும் பழியை உரிய இடத்தில் வைத்தது.

பழி பலரைச் சேரும் என்பதால் எவரையும் குற்றம் சொல்லலாகாது என்று முடிவுகட்டினால் அது வாங்கியவருக்கு இழைக்கும் அநீதியாகும். ஹானா ஆரெண்ட் 1958இல் வெளியிட்ட 'மனித நிலை' என்னும் நூலில், செய்த செயலை மீட்க முடியாது என்னும் துயருக்கு மன்னிப்பும், வருங்காலத்தை அறிய முடியாது என்னும் துயருக்கு வாக்குறுதியும் மருந்துகள் என்று விளக்கினார். விளையாட்டை முன்கூட்டியே வாங்குபவர் பெறுவது வாக்குறுதி ஒன்றைத்தான். ஷான் மர்ரி தலைமையில் இங்கிலாந்தின் ஒரு சிறு குழு 2016 ஆகஸ்டில் வெளியிட்ட 'நோ மேன்ஸ் ஸ்கை', எண்ணித் தீராத கோள்களைக் கொண்ட அண்டத்தில் விளையாட்டாளர்கள் ஒருவரையொருவர் சந்திக்கவும் கூடும் என்ற நம்பிக்கையை முன்பே விதைத்திருந்தது; வெளியான நாளிலேயே ஒரே கோளின் ஒரே இடத்தை அடைந்த இருவர் ஒருவரையொருவர் காண முடியாமல் போயிற்று. பிரிட்டனின் விளம்பரத் தர ஆணையம் அதன் விளம்பரத்தை ஆராய்ந்து, விதிமீறல் இல்லை என்று தீர்ப்பளித்தது. சட்டம் விடுவித்தபோதும் அறக்கடன் எஞ்சி நின்றது. அதைச் சுட்டிக்காட்டிய விளையாட்டாளர்களின் கோபம் நியாயமானது. வெளியீடு சில வாரங்கள் தள்ளிப்போனதற்காக மர்ரிக்குக் கொலை மிரட்டல் விடுத்தவர்களின் கோபமோ எந்த அறத்தின் துணையும் இல்லாதது. முன்னது முறிந்த வாக்கைப் பற்றிப் பேசியது. பின்னது ஒரு மனிதரின் இருப்பையே தண்டிக்க முயன்றது.

பன்னிரண்டாம் நூற்றாண்டின் யூத அறிஞர் மைமோனிடிஸ் மனந்திரும்புதல் பற்றி வகுத்த விதிகள் இங்கே துணைசெய்கின்றன. பிறருக்கு இழைத்த தீங்குக்கு, இழந்ததை ஈடுசெய்து அவரிடமே மன்னிப்பை வேண்டிப் பெறாதவரை நிவாரணம் இல்லை என்றும், அதே சூழல் மீண்டும் வாய்த்து, தவறு செய்யும் ஆற்றல் இருந்தும் செய்யாதிருப்பதே முழுமையான மனந்திரும்புதல் என்றும், உள்ளம் உடைந்து கேட்பவரை மன்னிக்க மறுப்பது கொடுமை என்றும் அவர் எழுதினார். 'நோ மேன்ஸ் ஸ்கை' குழுவினர் நீண்ட விளக்கங்களைத் தவிர்த்து, 2016 நவம்பர் முதல் விரிவாக்கங்களை விலையின்றி வழங்கினார்கள். விளையாட்டாளர்கள் ஒருவரையொருவர் முழுமையாகச் சந்திக்கும் வசதி 2018 ஜூலையில் வந்து சேர்ந்தது. ஜப்பானின் ஸ்குவேர் எனிக்ஸ் 2010இல் வெளியிட்டுத் தோற்ற 'ஃபைனல் ஃபேன்டஸி 14' இன்னும் தொலைவு சென்றது: அந்நிறுவனம் வெளிப்படையாக வருத்தம் தெரிவித்து, மாதக் கட்டணத்தை நிறுத்திவைத்து, நவோகி யோஷிதாவிடம் பொறுப்பை ஒப்படைத்தது, 2012 நவம்பரில் கதைக்குள்ளேயே ஒரு செந்நிலவு விழுந்து பழைய உலகம் அழிய, 2013 ஆகஸ்டில் புதிய உலகம் பிறந்தது. இவற்றை ஏசியவர்களுள் பலர் திரும்பி வந்தார்கள். தங்கள் பழைய கண்டனங்களைத் திருத்தி எழுதியவர்களும் உண்டு.

விளையாட்டை அரைகுறையாக விற்றுவிட்டுப் பிறகு சீராக்கிக்கொள்ளலாம் என்பதற்கான அனுமதியாக இம்மீட்சிக் கதைகளை நிறுவனங்கள் கொள்வது, மைமோனிடிஸின் அளவுகோலின்படி மனந்திரும்புதலே ஆகாது. ஏனெனில் அடுத்த விளையாட்டை வெளியிடும் நாள்தான் அதே சூழல் மீண்டும் வாய்க்கும் நாள். எல்லாத் தோல்விகளுக்கும் இரண்டாம் வாய்ப்பு கிடைப்பதுமில்லை: 1982இன் கார்ட்ரிட்ஜைத் திருத்த வழியே இருக்கவில்லை, 2024 ஆகஸ்டில் சோனி வெளியிட்ட 'கன்கார்ட்' இரண்டே வாரங்களில் மூடப்பட்டு, வாங்கியவர்களுக்குப் பணம் திருப்பித் தரப்பட்டது. சீராக்குவது இயலாதபோது பணத்தைத் திருப்பித் தருவதும் கடனைத் தீர்க்கும் வழியே.

ஆகவே தோற்ற விளையாட்டைப் பற்றிப் பேசுவோர் தம்மிடம் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளட்டும்: முறிந்த வாக்கு எது, அதை முறிக்கும் முடிவை எடுத்தவர் யார், அவர் ஈடுசெய்தாரா. இவற்றுக்கு விடை காணும் கண்டனம் கடுமையாக இருந்தாலும் நேர்மையானது. இவற்றைக் கேளாமல் ஒரு பெயரைத் தேடிப் பிடித்துச் சிரிக்கும் கண்டனம், எவ்வளவு பேர் கூடிச் சொன்னாலும், அநீதியே.