விழிப்பூட்டும் மருந்தும் ஐந்தாம் சீலமும்

பஞ்ச சீலங்களுள் ஐந்தாவதைப் பற்றி நம்மவர்க்குப் பெரும்பாலும் ஐயம் எழுவதில்லை. கள், சாராயம், கஞ்சா, அபின் முதலியவை அறிவை மயக்குவன. ஆதலின் விலக்கத்தக்கன என்பதைச் சிறுவரும் அறிவர். ஆனால் அறிவை மயக்காது, உறக்கத்தை ஓட்டி ஊக்கம் தரும் பொருள் ஒன்று இருக்குமாயின், அதனை உட்கொள்ளுதல் சீலத்திற்கு மாறாகுமா?

இவ்வினாவை நம்மிடம் எழுப்பியவர், டில்லி பழைய ராஜேந்திர நகரில் தங்கிக் குடிமைப் பணித் தேர்வுக்குப் பயிலும் ஓர் இளைஞர். தம் குடும்பத்தில் கல்லூரி கண்ட முதற் பிள்ளை. வீட்டார் கடன் வாங்கி அனுப்பும் பணத்தில் சிற்றறையில் வாழ்பவர். உடன் பயிலும் ஒருவர் இரவெல்லாம் படிப்பதற்கு மாத்திரை உண்பதாகவும், தமக்கும் அதனைத் தர முன்வந்ததாகவும் கூறினார். "ஐயா, கள்ளுண்டவன் தன்னை மறக்கிறான், இதனை உண்டவன் விழித்திருந்து படிக்கிறான். பகவான் விலக்கச் சொன்னது மயக்கத்தைத்தானே? விழிப்பை அல்லவே?" என்றார்.

கேள்வி எளிதன்று. விடை காணுமுன் அம்மருந்துகளின் இயல்பை அறிதல் வேண்டும்.

சீனத்தில் பழங்காலந்தொட்டு மருந்தாக வழங்கிய எபிட்ரா என்னும் செடியினின்று, எபிட்ரின் என்னும் சத்தை 1885-ல் பிரித்தெடுத்தார் ஜப்பானிய அறிஞர் நாகாய் நாகயோஷி. அதிலிருந்து 1893-ல் மெத்தாம்பிட்டமினை ஆக்கியவரும் அவரே. இதற்கு முன்பே, 1887-ல் பெர்லினில் எடலேயானு என்பார் ஆம்பிட்டமினை ஆக்கியிருந்தார். மூளையின் நரம்புகள் தமக்குள் செய்தி பரிமாற டோபமின், நார்-அட்ரினலின் முதலிய பொருள்களைப் பயன்படுத்துகின்றன. ஆம்பிட்டமின் இவற்றை மிகுதியாக வெளித்தள்ளுகிறது. மெத்தில்பெனிடேட்டும் கொக்கேயினும், வெளிவந்தவை மீண்டும் உட்புகாதவாறு தடுக்கின்றன. அதனால் நெஞ்சு விரைந்து துடிக்கிறது. இரத்த அழுத்தம் ஏறுகிறது. பசியும் உறக்கமும் அகலுகின்றன. உடம்பின் களைப்பு தீர்ந்துவிடுவதில்லை. களைப்பை அறிவிக்கும் குரல் மட்டுமே அடங்குகிறது. அளவு மீறினால் காரணமற்ற சந்தேகமும், இல்லாத குரல்களைக் கேட்கும் சித்தப் பிரமையும் தோன்றும். இரண்டாம் உலகப் போரில் படைவீரர்க்கு இம்மருந்துகள் வழங்கப்பட்டன. போருக்குப் பின் ஜப்பானில் இப்பழக்கம் மக்களிடையே பரவி, 1951-ல் தனிச் சட்டம் இயற்றவேண்டி வந்தது. நம் நாட்டில் இவை 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கட்டுப்பாட்டில் உள்ளன. ஆயினும் 2024 அக்டோபரில் டில்லியை அடுத்த கிரேட்டர் நொய்டாவில் மெத்தாம்பிட்டமின் ஆக்கும் இரகசியக் கூடமொன்று பிடிபட்டது.

எனினும் இவை மருந்துமாகும். பகலிலும் தன்னை மீறி உறங்கிவிழும் நோயுடையார்க்கும், கவனம் ஓரிடத்தில் நில்லாத குறைபாடுடைய பிள்ளைகட்கும் மருத்துவர் இவற்றை அளவறிந்து தருகின்றனர். அவர்கள் சீலம் குன்றினோர் ஆகார். பிலிந்தவச்சர் என்னும் தேரர் வாதநோயுற்றபோது, சிறிது மது சேர்த்துக் காய்ச்சிய எண்ணெயைப் பகவான் அனுமதித்தார் என்று விநயம் கூறுகிறது. சிலர் மதுவை மிகுதியாகச் சேர்த்து உண்டு வெறிகொண்டனர். அப்போது, மதுவின் நிறமோ மணமோ சுவையோ புலப்படாத எண்ணெயையே உண்ணலாம் என வரையறுத்தார். நோயும் அளவும் மருந்தை மருந்தாக்குகின்றன. நோயில்லாதவன் நிலை என்ன?

இங்கே நம் கதையொன்றைக் கூறவேண்டும். நாம் ஒரு நூற்பாலையில் கூலியாக இருந்த காலம். வீட்டில் பிணி, கையில் கடன். இரட்டை ஷிப்டு செய்ய எண்ணி, எபிட்ரின் கலந்த இளைப்பு மாத்திரையைக் கடையில் வாங்கி உண்டோம். இரண்டு இரவுகள் நமக்கு நிகரில்லை என்று தோன்றிற்று. மூன்றாம் இரவு, இயந்திரத்தின் அடியில் ஒரு தோழர் பஞ்சு துடைத்துக்கொண்டிருந்தார். அவர் அங்கிருப்பதைக் கேட்டறியாமலே விசையைத் தட்டினோம். அவருடைய இரு விரல்கள் பற்சக்கரத்தில் போயின. நாம் உறங்கவில்லை, கண் திறந்தேயிருந்தது, ஆயினும் பார்க்கவில்லை.

ஐந்தாம் சீலத்தின் பாலி வாசகத்தில் உயிரான சொல் 'பமாதம்' என்பது. அதற்குப் பொருள் உறக்கம் அன்று. கருத்தின்மை, தன் செயலைத் தான் அறியாமை. ஆகவே ஒரு பொருள் நம்மை உறங்கச் செய்கிறதா, விழிக்கச் செய்கிறதா என்பது அளவுகோலன்று. கருத்துடைமையைக் காக்கிறதா, கெடுக்கிறதா என்பதே அளவுகோல். மெல்போர்ன், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அறிஞர்கள் 2023-ல் வெளியிட்ட ஆய்வும் இதற்கு அரண் செய்கிறது. நோயற்ற நாற்பதின்மர்க்கு மெத்தில்பெனிடேட் முதலிய மூன்று மருந்துகளைத் தனித்தனியே கொடுத்துக் கடினமான கணக்குகளைச் செய்வித்தனர். முயற்சி மிகுந்தது, முயற்சியின் தரமோ குறைந்தது.

தேநீரும் ஊக்கியன்றோ எனின், ஆம். அளவும் ஆற்றலும் வேறு. ஆயினும் அதற்கும் இதே அளவுகோலை ஒவ்வொருவரும் தம் நெஞ்சில் வைத்துப் பார்க்கலாம்.

மொக்கல்லான தேரர் தியானத்தில் தூங்கி வழிந்தபோது பகவான் கூறிய வழிகள் எண்ணத்தக்கன: கேட்ட தர்மத்தைச் சிந்தித்தல், ஓதுதல், காதைப் பிடித்திழுத்து உடம்பைத் தேய்த்தல், கண்ணை நீரால் கழுவி விண்மீன்களை நோக்குதல், உலாவுதல். இத்தனையும் பயன்படாவிடில் வலப்புறமாகப் படுத்து, விழிக்கும் நேரத்தை மனத்திற் கொண்டு உறங்குக என்றார். மகா முயற்சியுடைய அத்தேரர்க்கும் முடிவான மருந்து உறக்கமே.

இவற்றைக் கேட்ட இளைஞர், "மற்றவர் உண்டு முந்திச் சென்றால் என் வீட்டார் கடனை யார் அடைப்பர், ஐயா?" என்றார். இதற்கு இனிப்பான விடை நம்மிடம் இல்லை. ஏழையின் உறக்கத்தை விலை பேசும் உலகம் குற்றமுடையதே. ஆயினும் அன்று நம் கடனும் மெய்யே. தோழரின் விரல்களும் மெய்யே. "தம்பி, நாளை நீர் அதிகாரியாக அமரும்போது, ஏழை ஒருவர் மனுவோடு உம்முன் நிற்பார். அவரைப் பார்க்கும் கண் உமக்கு வேண்டும். அதனை இப்போதே பழகும்" என்று மட்டும் கூறினோம்.

1966-ல் தெற்கு டில்லியில் பகாபூர் அருகே பாறையொன்றில் அசோக மாமன்னரின் சாசனம் கண்டெடுக்கப்பட்டது. முயற்சியின் பயன் உயர்ந்தோர்க்கு மட்டுமன்று, எளியோர்க்கும் உரியது என்பது அதன் கருத்து. அவ்விளைஞரின் அறையிலிருந்து சில கல் தொலைவிலேயே அப்பாறை இருக்கிறது. எளியோர்க்கு உரியதென்று அது கூறும் முயற்சி, அவரவர் சொந்த முயற்சியே. உபாசகர்களே, உங்கள் பிள்ளைகளிடம் மதிப்பெண்ணைக் கேட்கும் முன், நேற்றிரவு உறங்கினார்களா என்று கேளுங்கள்.