ஓடுகிறவரை

பத்துப் பதினைந்து வருடம் ஓடிய ஒரு பொலேரோவோ சுமோவோ, லிட்டருக்கு 12, 13 கொடுத்துக்கொண்டிருந்து பிறகு 9க்கு இறங்கிவிட்டால், அது எந்த மாதத்தில் இறங்கியது என்று வண்டிக்காரரால் பெரும்பாலும் சொல்ல முடிவதில்லை. என்ஜின் நின்றுபோனால் அன்றைக்கே தெரிந்துவிடும். மைலேஜ் அப்படி விழுவதில்லை. சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட் ஆகிறது, மேடு ஏறுகிறது, கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் வேளைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் எதையும் திறந்து பார்க்கும் பழக்கம் நமக்குக் குறைவு. டீசல் விலை ஏறிய மாதத்தில்தான் "வண்டி ரொம்பக் குடிக்குது" என்ற பேச்சு எழுகிறது. 2014 அக்டோபரில் விலைக் கட்டுப்பாடு நீங்கும்வரை, பல ஆண்டுகள் டீசல் விலையில் ஒரு பங்கை அரசு சுமந்தது. உழவுக்கும் லாரிக்கும் பஸ்ஸுக்கும் என்று தரப்பட்ட அந்தச் சலுகையின் நிழலில்தான் 1994இல் வந்த சுமோவும், 2000இல் வந்த பொலேரோவும் குவாலிஸும் நம் சாலைகளில் பெருகின. அந்த நிழல் விலகிய பிறகு, வண்டியில் எப்போதும் இருந்த குறைகள் மாதச் செலவாகக் கண்ணில் படத் தொடங்கின.

குறை எங்கே என்று தேடுவதற்கு முன், குறைந்ததா என்பதே நிச்சயமாகத் தெரிய வேண்டும். டேங்கை நிரப்பி, நாசில் தானாக நிற்கும் இடத்தோடு நிறுத்தி, கிலோமீட்டரைக் குறித்துக்கொண்டு, சில நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு அதே பங்க்கில் அதே மாதிரி மறுபடி நிரப்பிப் பார்ப்பதைத் தவிர இதற்கு வேறு வழியில்லை. அதையும் ஒருமுறை செய்தால் போதாது. நம்மில் பலரிடம் இருப்பது கணக்கு அல்ல, ஒரு ஞாபகம். என்றோ ஒரு இரவு, காலியான நான்குவழிச் சாலையில், நிதானமாக ஓட்டியபோது கிடைத்த எண்ணை வண்டியின் இயல்பு என்று மனதில் வைத்துக்கொள்கிறோம். இதற்கிடையில் டயர் மாற்றும்போது அழகுக்காக ஒரு அளவு பெரிதாகப் போட்டிருப்போம். பெரிய சக்கரம் ஒரு சுற்றில் அதிக தூரம் போகும்; மீட்டரோ பழைய கணக்கிலேயே எண்ணும்; போன தூரம் குறைவாகவும் மைலேஜ் அதற்கேற்பக் குறைவாகவும் தெரியும்.

உண்மையாகவே குறைந்திருந்தால், காரணம் அநேகமாக ஒன்றாக இருப்பதில்லை. டயரில் காற்று குறைவு, வீல் அலைன்மென்ட் விலகல், மண் சாலைப் புழுதியில் அடைத்துப்போன ஏர் ஃபில்டர், டர்போ குழாயில் ஒரு கீறல், ஏற்றத்தில் லேசாக வழுக்கும் கிளட்ச், வருடம் முழுக்கக் கழற்றப்படாத மேல் கேரியர். இந்த வண்டிகள் உயரமானவை, முகம் தட்டையானவை. 80இல் போவதை 100 ஆக்கினால் காற்றின் எதிர்ப்பு ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகிவிடும். பிரேக்கின் கதை தனி. காலிப்பருக்குள் பிஸ்டன் துருவேறி, காலை எடுத்த பிறகும் பேடு டிஸ்க்கை முழுதாக விடாமல் உரசிக்கொண்டே இருக்கும். இதைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டியதில்லை. பிரேக்கை அதிகம் தொடாமல் சில கிலோமீட்டர் ஓட்டி, வண்டியைத் தானாக நிற்கவிட்டு இறங்கி, ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் புறங்கையைக் கொண்டுபோனால் போதும். மூன்று இதமாக இருக்க, ஒன்று மட்டும் கிட்டே நெருங்கவிடாத அனலாக இருக்கும். அந்த அனல் நாம் காசு கொடுத்து வாங்கிய டீசல்தான்.

பழைய டீசல் வண்டிகளில் அதிகம் பேர் கவனிக்காமல் விடுவது தெர்மோஸ்டாட். ரேடியேட்டருக்குப் போகும் தண்ணீரின் வழியில் உட்கார்ந்திருக்கும் சிறு வால்வு அது. உள்ளே இருக்கும் மெழுகு சூட்டில் விரிந்தால்தான் திறக்கும். தண்ணீர் ஏறக்குறைய 80 டிகிரியைத் தொடும்வரை அதை ரேடியேட்டர் பக்கம் விடாமல் என்ஜினுக்குள்ளேயே சுற்ற வைக்கும். கோடையில் வண்டி ஒருமுறை கொதித்துவிட்டால் இதைக் கழற்றிப் போட்டுவிடுவது நம் ஊர் ஒர்க்‌ஷாப்களில் நெடுநாள் வழக்கம். கொதிப்பு நின்றுவிடுகிறது, டேஷ்போர்டில் ஊசி கீழேயே கிடக்கிறது, நமக்கும் நிம்மதியாகிவிடுகிறது. ஆனால் அதன் பிறகு அந்த என்ஜின் தனக்குரிய சூட்டுக்கு எளிதில் வருவதில்லை. ஆயில் கெட்டியாகவே சுழல்கிறது. எரிந்த டீசலின் சூடு பிஸ்டனைத் தள்ளுவதற்குப் பதிலாகக் குளிர்ந்த சிலிண்டர் சுவர் வழியே தண்ணீருக்குப் போகிறது. சரியாக எரியாத டீசலில் கொஞ்சம் ரிங்குகளைத் தாண்டி ஆயிலில் கலக்கிறது. வண்டி கொதித்ததற்கான காரணமோ, அடைத்த ரேடியேட்டராகவோ தளர்ந்த ஃபேன் பெல்ட்டாகவோ தேய்ந்த வாட்டர் பம்ப்பாகவோ, இருந்த இடத்திலேயே இருக்கிறது. வருடக்கணக்கில் இப்படி ஓடிய வண்டிக்குப் புது வால்வைப் போட்டால், ஊசி நடுவுக்கு ஏறும். அது நடுவில் நிற்பதுதான் சரி. அதைப் பார்த்துப் பதறி, மறுபடி கழற்றிவிடச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். எச்சரிக்கை வரும் வழியை அடைத்துவிட்டு அதையே பாதுகாப்பு என்று நம்பும் இந்தப் பழக்கம் நம்மிடம் வண்டியோடு நிற்கிறதா என்று எனக்கு உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை.

சிறு சிறு குறைகள் சேர்ந்து செய்த நஷ்டத்துக்கு ஒரே ஒரு குற்றவாளியைத் தேடுவது நம் இயல்பாக இருக்கிறது. டேங்கில் ஊற்றச் சொல்லும் திரவ பாட்டில்களும், டீசல் குழாயில் கட்டச் சொல்லும் காந்தங்களும் அந்த இயல்பை நம்பித்தான் விற்கப்படுகின்றன. அவற்றையும் தாண்டினால், எடுத்த எடுப்பில் என்ஜினின் நாசிலையும் டீசல் பம்ப்பையும் இறக்கிக் காலிபரேஷனுக்கு அனுப்புகிறோம். தேய்ந்த நாசில் டீசலைத் தூவலாகப் பீய்ச்சாமல் சொட்டுச் சொட்டாக விடும் என்பது உண்மை. ஆனால் நாலு டயருக்குக் காற்றுப் பிடித்து, ஃபில்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த பிறகு செய்ய வேண்டிய வேலை அது.

இந்த நஷ்டம் நம் சட்டைப்பையோடு முடிந்துவிடுவதில்லை. ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது பின்னால் கிளம்பும் கரும்புகை, காற்று போதாமல் அரைகுறையாக எரிந்த டீசல். அதற்கான விலையை நாம் பங்க்கில் கொடுத்துவிட்டோம். பின்னால் மொபெட்டில் குழந்தையை முன்னே நிறுத்தி வருகிறவர் இன்னொரு முறை கொடுக்கிறார். டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012இலேயே வகைப்படுத்திவிட்டது. நம்மிடம் புகைச் சான்றிதழ் இருக்கும். அந்தச் சோதனை வண்டியை நிறுத்திவைத்து, பாரமில்லாமல் ஆக்சிலரேட்டரை அழுத்திச் செய்யப்படுவது. ஏழு பேரையும் மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு மேடேறும்போது அந்த வண்டி என்ன விடுகிறது என்பது அந்தத் தாளில் வராது. கண்ணாடியில் அந்தப் புகையைப் பார்த்தும், மைலேஜ் இறங்காதவரை ஒர்க்‌ஷாப் பக்கம் போகாமல் இருக்க நம்மால் முடிகிறது.

விலை கொடுக்கும் இன்னொருவர் வண்டிக்குள்ளேயே இருக்கிறார். டிரைவர் வைத்து ஓட்டும் வீட்டில் மைலேஜ் குறைந்தால், கண் முதலில் போவது பிரேக்கின் மேல் அல்ல, அவர் மேல். டீசலை இறக்கி விற்கிறாரோ, பங்க்கில் பில் கூட்டி வாங்குகிறாரோ, சொந்த வேலைக்கு எடுத்துப் போகிறாரோ என்று சந்தேகம் ஒவ்வொன்றாக வரும். அப்படிச் செய்கிறவர்கள் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் வண்டியின் ஒவ்வொரு சத்தமும் தெரிந்த மனிதர் அவர்தான். நியூட்ரலில் விட்டால் முன்புபோல உருளாமல் சீக்கிரம் நின்றுவிடுகிறது என்பதை அவர் கால் முதலில் உணர்ந்திருக்கும். "அண்ணே, வண்டி புடிச்சாப்ல இருக்கு, ஒருதடவ காட்டிரலாம்" என்று அவர் சொல்லியும் இருப்பார். "ஓடுற வரைக்கும் ஓடட்டும்ப்பா" என்று நாமும் சொல்லியிருப்போம். பிறகு ஒருநாள் கணக்கு இடிக்கும்போது, அந்தப் பேச்சு இருவரில் ஒருவருக்கு மட்டும் நினைவில் இருக்கும். நேராகக் குற்றம் சாட்டும் வழக்கம் குறைவு. சாவியை வாங்கி வைத்துக்கொண்டு, தேவைப்பட்டால் கூப்பிடுவதாகச் சொல்லி அனுப்புவதே அதிகம். அவர் அடுத்த வீட்டில் வேலை கேட்கும்போது, இங்கே ஏன் நின்றார் என்பதற்கு ஊர் ஒரு காரணம் வைத்திருக்கும். சில மாதம் கழித்துக் காலிப்பரைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டியதும் மைலேஜ் திரும்பி வந்துவிட்டது என்று சந்தோஷமாகச் சொன்னவர்களை எனக்குத் தெரியும். அந்தச் செய்தியை அந்த டிரைவர் வீட்டுக்குப் போய்ச் சொன்னதாக அவர்களில் யாரும் இதுவரை சொன்னதில்லை.