பொதுவாய் வந்த புகழ்

ஷோலாப்பூரில் ரயில் ஏறி எதிர்ப்பலகையில் அமர்ந்த ஜவுளி வியாபாரி ஒருவர், மதராஸிகளெல்லாம் கணக்கிலே புலிகள், பிறர் பணத்தைத் தொடாத யோக்கியர்கள் என்று எங்கள் இருவரையும் பார்த்து மனமாரச் சொன்னபோது, பம்பாய் மாதுங்காவில் குடியிருந்து நெடுங்காலம் சுருக்கெழுத்து உத்தியோகம் பார்த்துவிட்டு ஊர் திரும்பிக்கொண்டிருந்த என் பக்கத்துப் பெரியவர், புன்னகையோடு தலையசைத்தபடியே, காலடியில் கிடந்த டிரங்குப் பெட்டியைக் குதிகாலால் மெல்ல உள்ளே தள்ளிக்கொண்டார். வேறொன்றும் நடக்கவில்லை. பேச்சு வெங்காய விலைக்குத் தாவிற்று.

எனக்கு உச்சி குளிர்ந்தது. கணக்கு எனக்கு இந்த ஜன்மத்தில் வந்ததில்லை என்பது அந்தக் குளிர்ச்சியைச் சற்றும் பாதிக்கவில்லை. ஆனால் அந்தக் குதிகால் மட்டும் மனத்தை விட்டு அகலவில்லை. எதிரே இருந்தவரை அவர் திருடனென்று எண்ணியிருக்க முடியாது. யோக்கியன் என்ற பட்டம் கிடைத்த கணத்திலேயே ஒரு மனிதர் தம் உடைமையைப் பத்திரப்படுத்துவானேன்?

கும்பகோணத்தில் பிள்ளைப் பிராயத்தைக் கழித்தவர்களுக்கு இத்தகைய பெருமையின் பாரம் தெரியும். ராமானுஜன் வளர்ந்த ஊர்ப் பிள்ளைகளாடா நீங்கள் என்று எங்கள் கணக்கு வாத்தியார் கேட்பார். அந்த ராமானுஜனே அவ்வூர் அரசினர் கல்லூரியில் கணிதம் நீங்கலான பாடங்களில் தேறாமல் உபகாரச் சம்பளத்தை இழந்தவர் என்பதைச் சொல்லமாட்டார். அக்கிரகாரத்துப் பிள்ளைகளுக்குக் கணக்கு ரத்தத்திலேயே ஊறியது என்று அவர் வர்ணிக்கும்போது, எங்களனைவரையும்விட விரைவாக விடை கண்டுவிட்ட பாத்திரப் பட்டறைக்காரர் மகன் தன் ஸ்லேட்டையே பார்த்துக்கொண்டிருப்பான். எங்களுக்கு வழங்கப்பட்ட புகழ் அவன் மடியிலிருந்து எடுக்கப்பட்டதுதானோ என்று இப்போது தோன்றுகிறது, அப்போது தோன்றவில்லை.

கணக்குப் புகழ் இப்படியென்றால், யோக்கியர் என்ற புகழை நான் முதலில் கண்டது ஏட்டில். மாக்ஸ் முல்லரின் பிரசங்கங்களை என் சிற்றப்பா ஒரு வேதம்போல் வைத்திருந்தார். நானும் படித்தேன், பெரும்பகுதி மறந்துவிட்டது. இந்தியாவுக்கு உத்தியோகம் பார்க்க வரவிருந்த இளைஞர்களுக்காக 1882இல் கேம்பிரிட்ஜில் நிகழ்த்தியவை அவை. அவற்றுள் ஒன்று முழுவதும் ஹிந்துக்களின் சத்தியசீலத்தைப் பற்றியது. ஹிந்துக்கள் பொய்யர்கள் என்று ஜேம்ஸ் மில் தம் இந்திய சரித்திரத்தில் தீட்டிய சித்திரத்துக்கு அதிலே மறுப்பு உண்டு. மில் இந்த மண்ணில் காலடி வைத்தவரா என்று சிற்றப்பா ஆக்ரோஷத்தோடு கேட்பார். மாக்ஸ் முல்லரும் வைத்தவரல்லர் என்பது அவரை ஒருபோதும் உறுத்தியதில்லை.

பெரியவர் வாழ்ந்த பம்பாயில்தான், 1960இல் தோன்றிய ‘மார்மிக்’ என்னும் மராத்தி வாரப் பத்திரிகை, அலுவலகங்களில் பதவி வகித்த தென்னிந்தியர்களின் பெயர்களை வரிசை வரிசையாக அச்சிட்டது. 1966இல் சிவசேனை பிறந்தபின் தென்னிந்தியரின் ஓட்டல்கள் தாக்கப்பட்டன. கணக்கிலே கெட்டிக்காரர்கள் என்ற அதே சங்கதிதான், நாற்காலிகளையெல்லாம் பிடித்துக்கொண்டார்கள் என்ற குற்றச்சாட்டாக உருமாறி நின்றது. அந்தக் குதிகால் இந்தச் சரித்திரத்தை அறிந்திருந்ததோ, அல்லது நடைபாதையில் போவோர் இடறாதிருக்கட்டும் என்ற சாமான்ய தாக்ஷிண்யமோ? ஒரு குதிகாலுக்கு இத்தனை வியாக்கியானமா என்று வாசகர் நகைக்கலாம், நகைக்கட்டும்.

வியாபாரியை அப்போதே மறுத்திருக்கலாம். ஆனால், தம் ஊர் நிலக்கடலைச் சட்னியை எங்களோடு பகிர்ந்துகொண்ட அந்த நல்ல மனிதரிடம், நான் கணக்கில் மூடன் என்று சொல்லியிருந்தால், தன்னடக்கமும் மதராஸிகளின் பிறவிக் குணமே என்றிருப்பார். ஆகவே பேசாதிருந்தேன். அந்த மௌனம் அவருக்குக் காட்டிய மரியாதையா, உச்சி குளிர்ந்த சுகத்தை இழக்க மனமில்லாமையா என்பதை இன்றுவரை என்னால் பிரித்தறியக் கூடவில்லை.