கிழவர் என்றால் உரியவர்

மூப்பைக் குறிக்கும் சொற்களுள் 'கிழவர்' என்பது இன்று மரியாதை குறைந்த சொல்லாக வழங்குகின்றது. வயது போனவர்களைக் 'கிழடு' என்று ஏசுவோரும் உளர். ஆனால் இச்சொல்லின் பழம்பொருள் மிக உயர்ந்தது.

கிழமை என்றால் உரிமை. கிழவர் என்றால் உரிமையுடையவர், தலைவர். வெள்ளி என்னும் கோளுக்கு உரிய நாளே வெள்ளிக்கிழமை. தொல்காப்பியம் காதல் கொண்ட இளம் தலைவனையும் தலைவியையும் கிழவன், கிழத்தி என்றே குறிக்கின்றது. அங்கே நரைக்கும் திரைக்கும் இடமில்லை. பெரியபுராணம் பாடிய சேக்கிழாரின் பெயரிலுள்ள 'கிழார்' என்பதும் இதற்கு உறவான சொல்லே. குடும்பத்துக்கும் காணிக்கும் உரியவராக மூத்தவரே விளங்கியமையால், காலப்போக்கில் இச்சொல் முதியவரையும் குறித்தது எனக் கொள்ளலாம்.

முருகப்பெருமான் என்றும் இளையவர். அப்பெருமானையும் திருமுருகாற்றுப்படை தன் நிறைவில் 'கிழவோன்' என்று போற்றுகின்றது. பழமுதிர்சோலை மலைக்கு உரியவர் என்பதே அதன் பொருள்.

அந்த இளங்குமரன் வள்ளியம்மையிடம் கிழவேடத்தில் வந்த கதையை நம் ஆலயங்களில் கந்தபுராணப் படிப்பின்போது கேட்டு மகிழ்கின்றோம். இது வள்ளிமலையில் நிகழ்ந்ததாகப் புராணம் கூறும். கதிர்காமத்தில் நிகழ்ந்ததாக ஈழத்து அடியார்கள் போற்றுவர். பசி என்று வந்த முதியவரை அம்மை விரட்டவில்லை. தேனும் தினைமாவும் கொடுத்தார். தாகம் என்றதும் சுனைக்கு வழிகாட்டினார். வந்தவர் யாரென்று அப்போது அவர் அறியார். கிழவராய் வந்தவரே தமக்கு உரிய கிழவர் என்பது பின்னரே விளங்கிற்று.

இக்கதை நம் வீடுகளுக்கும் பொருந்தும். வீடும் வளவும் பிள்ளைகளின் பெயருக்கு உறுதி எழுதப்பட்டவுடன் பெற்றோரின் கிழமை முடிந்துவிடுவதில்லை. நேரத்துக்கு ஒருபிடி சோறு, அருகிருந்து கேட்கும் ஓர் ஆறுதல் வார்த்தை, வீட்டுக் காரியங்களில் அவர்களிடமும் ஒரு சொல் கேட்டல் ஆகியன நாம் இடும் பிச்சையல்ல, அவர்களுக்கு உரியவை. வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பும் பிள்ளைகள் தங்கள் குரலையும் அடிக்கடி அனுப்புதல் வேண்டும். அயலில் தனித்திருக்கும் முதியவரைத் தேர் நாளில் கைபிடித்து அழைத்துவந்து வடம் தொடச் செய்வதும் முருகனுக்குச் செய்யும் தொண்டே.

திண்ணையில் இருப்பவர் வீட்டுக்குச் சுமையல்லர், வீட்டுக்கு உரியவர். இதனை உணர்ந்து ஒழுக வள்ளிமணாளன் திருவருள் துணைநிற்பதாக!