நேர்த்திக்கடனும் நாற்பத்திரண்டு கிலோமீட்டரும்

சென்னையில் ஜனவரி மாரத்தான் நடக்கும் நாளில், இருட்டு விலகும் முன்பே நேப்பியர் பாலத்துப் பக்கம் போய் நின்று பாருங்கள். பனியனில் ஓட்ட எண்ணுக்கு மேலே கையகல முருகன் படம் ஒன்றையும் சேர்த்து ஊக்கால் குத்தியிருப்பார்கள் சிலர். நெற்றி நிறைய விபூதி பூசியவர்கள், மணிக்கட்டில் மஞ்சள் கயிறு கட்டியவர்கள், சாந்தோம் தேவாலயத்தைத் தாண்டும்போது நெஞ்சில் சிலுவைக் குறி போட்டுக்கொள்கிறவர்கள் என்று பலரும் உண்டு. இவர்களுக்கு 42.195 கிலோமீட்டர் வெறும் பந்தயம் இல்லை. வேண்டிக்கொண்டு ஓடுகிறார்கள்.

இதை நான் மனதார மதிக்கிறேன். உடம்பால் கும்பிடுவது நம் மரபு. அங்கப்பிரதட்சணம், காவடி, தீமிதி, பால்குடம் எல்லாமே பூவும் பணமும் இல்லாதவனிடமும் கொடுக்க ஒன்று இருக்கிறது என்ற நம்பிக்கையில் வந்தவை. அந்த வரிசையில் இந்த ஓட்டத்தையும் சேர்த்துக்கொள்ள எனக்குத் தயக்கமில்லை. ஆனால் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருந்துகொண்டு, நானும் ஓடி, ஓடாத வருடங்களில் மருத்துவக் கூடாரத்தில் தொண்டுக்கு நிற்கிறவன் என்ற முறையில் ஒரு கேள்வி என்னை விடுவதில்லை. கொடுப்பதாகச் சொன்ன உடம்பு நடுவழியில் முடியாது என்று சொன்னால், வேண்டுதலைக் காப்பதா, உடம்பைக் காப்பதா?

குளிர்நாட்டுக்காரருக்கு இந்தக் கேள்வி இவ்வளவு கூர்மையாக எழாது. நம் கடற்கரைக்கு அது தினசரிக் கேள்வி. அறுபது கிலோ எடையுள்ள ஒருவர் மாரத்தான் ஓடி முடிக்கச் சுமார் 2,500 கலோரி செலவாகிறது. அதில் காலை நகர்த்தப் பயன்படுவது கால் பங்குதான். மீதி முக்கால் பங்கும் வெப்பமாகி உடம்புக்குள் சேர்கிறது. அதை வெளியேற்ற வியர்வை ஆவியாக வேண்டும். ஒரு லிட்டர் வியர்வை ஆவியானால் ஏறக்குறைய 580 கலோரி வெப்பம் போகும். அப்படியானால் மூன்று லிட்டருக்கு மேல் ஆவியாக வேண்டும். வழிந்து தரையில் சொட்டுவது இந்தக் கணக்கில் சேராது. அது வெப்பத்தைக் கொண்டுபோவதில்லை, உடம்பிலிருக்கும் தண்ணீரையும் உப்பையும் மட்டும் கொண்டுபோகிறது. விடியற்காலையில் வெயில் இல்லையே என்று நாம் நினைக்கும் அந்த நேரத்தில்தான் காற்றின் ஈரப்பதம் உச்சத்தில் இருக்கிறது. அக்டோபர் மாதத்தில் பெசன்ட் நகர் கடற்கரைச் சாலையில் பயிற்சி ஓட்டம் முடித்தவர்களின் காலணியைக் கவனித்தால் தெரியும். மழையில் நனைந்ததுபோல் சளக் சளக்கென்று சத்தம் போடும். அத்தனையும் காயாத வியர்வை.

உடம்பு இதைக் கற்றுக்கொள்ளவும் செய்கிறது. பத்துப் பதினான்கு நாள் தொடர்ந்து வெப்பத்தில் ஓடினால், முன்பைவிடச் சீக்கிரமாக வியர்க்கத் தொடங்கும். வியர்வையில் உப்புக் குறையும், இரத்தத்தில் நீர் கூடும். ஏ.சி. போட்ட ஜிம்மில் டிரெட்மில்லில் எத்தனை மாதம் ஓடினாலும் இந்தப் பயிற்சி கிடைக்காது. யாரும் பாராட்டாத, உடம்பே தனக்குள் செய்துகொள்ளும் விரதம் அது. ஆனால் அதற்கும் எல்லை உண்டு.

எல்லையைத் தாண்டினால் என்ன ஆகும் என்பதை ஒரு முறை மிக அருகில் பார்த்தேன். கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரம், முடிவிடத்துக்கு நான்கு கிலோமீட்டர் முன்னால் எங்கள் கூடாரம். ஏழரை மணி வெயில். இருபத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது அந்தப் பையனுக்கு. சாலையின் நடுக்கோட்டை விட்டு இடப்பக்கமும் வலப்பக்கமுமாக அலைந்து வந்தான். முழங்கால் மடங்கி, தலை பின்னால் சாய்ந்து, கண் மட்டும் நேரே. நானும் இன்னொருவரும் ஓடிப்போய்த் தோளைப் பிடித்தோம். கை வைத்த இடம் சுட்டது.

"தம்பி, இன்னிக்கு என்ன கிழமை?"

"நாலு கிலோமீட்டர்."

"உன் பேரு என்னப்பா?"

"நாலு கிலோமீட்டர் சார். விடுங்க சார்."

என் கையைத் தட்டிவிட்டான். அந்தத் தட்டலில் நல்ல பலம் இருந்தது. மருத்துவர் அம்மா வெப்பம் பார்த்தார்: 41 டிகிரி. ஆம்புலன்ஸ் வரட்டும் என்று காத்திருக்கவில்லை. முதலில் குளிர்விக்க வேண்டும், பிறகுதான் வண்டி ஏற்ற வேண்டும், ஹீட் ஸ்ட்ரோக் என்கிற வெப்பத் தாக்குதலுக்கு அதுவே சரியான முறை. ஐஸ் கொட்டிய தொட்டியில் கழுத்து வரை இறக்கி, தலையில் ஈரத்துண்டு போட்டு, தண்ணீரைக் கலக்கிக்கொண்டே இருந்தோம். தொட்டிக்குள்ளும் அவன் கால்கள் ஓடிக்கொண்டிருந்தன.

தெளிவு வந்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி, "சார், நான் எப்ப நின்னேன்?" கடைசி ஐந்தாறு கிலோமீட்டர் அவன் நினைவில் இல்லை. பிறகு அழுதான். அம்மாவுக்கு அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்ததற்காக முருகனுக்கு வேண்டிக்கொண்ட ஓட்டமாம் அது. "கடனைப் பாதியில விட்டுட்டேனே சார்" என்று திரும்பத் திரும்பச் சொன்னான்.

அன்றைக்கு அவனுக்குச் சரியான பதில் என்னிடம் இல்லை. என்னைப் பிடித்துக்கொண்டது வேறொன்று. நினைவில்லாத அந்த ஐந்து கிலோமீட்டரை ஓடியது யார்? "நாலு கிலோமீட்டர்" என்று சொன்னது யார்? பக்தி என்று நாம் மெச்சும் உறுதியும், சூடேறிய மூளையின் பிதற்றலும் அவன் வாயில் ஒரே சொல்லாக வந்தன. வெளியே நின்ற எங்களுக்கு வித்தியாசம் தெரிந்தது. உள்ளே இருந்த அவனுக்குத் தெரியவில்லை, தெரியவும் முடியாது. வெப்பம் முதலில் தாக்குவது காலை அல்ல, முடிவெடுக்கும் இடத்தை.

மாரத்தான் ஓடுகிறவர்களிடம் ஒரு வாக்கியம் பரவலாகப் புழங்குகிறது: உடம்பு தோற்றாலும் மனம் ஜெயிக்கும். பயிற்சியில் சோம்பலை விரட்ட அது உதவும். தத்துவமாக எடுத்துக்கொண்டால் தவறு. திருவான்மியூரில் நான் போய்வந்த சைவ சித்தாந்த வகுப்பில் இதைக் கேட்டேன். பாடம் நடத்தியவர் நெல்லைச் சீமைப் பெரியவர். "ஐயா, ஓடும்போது உடம்பு நில்லுங்குது, மனசு ஓடுங்குது. ஆன்மா யார் பக்கம்?" என்றேன். "ரெண்டுமே கருவிதான்யா. கருவி ரெண்டும் அடிச்சுக்கிடும்போது கருவிக்காரன் எங்க போனாம்னு பாரும்" என்றார்.

சித்தாந்தக் கணக்கில் மனம், புத்தி, அகங்காரம், சித்தம் நான்கும் அந்தக்கரணங்கள், அதாவது உட்கருவிகள். முப்பத்தாறு தத்துவங்களில் அடங்கியவை, மாயையிலிருந்து வந்தவை, தாமாக அறிவில்லாதவை. சிவஞான போதத்தின் நான்காம் சூத்திரத்தில் மெய்கண்டார், ஆன்மா இந்தக் கரணங்களில் ஒன்றல்ல, அமைச்சர்களோடு இருக்கும் அரசனைப்போல அவற்றோடு கூடி நிற்பது என்கிறார். இதை 13-ஆம் நூற்றாண்டிலேயே தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள் என்பது எனக்கு ஒவ்வொரு முறையும் வியப்பு. மனம் இந்தப் பக்கம், உடம்பு அந்தப் பக்கம் என்று கோடு போட்டு மனத்தை வெற்றிபெற வைப்பது நம் சிந்தனை இல்லை. மனமும் கோட்டுக்கு அந்தப் புறம் உடம்போடு நிற்கிறது. உடம்பு 41 டிகிரிக்குப் போனால் மனமும் சேர்ந்து வேகிறது. அந்த நேரத்தில் "நான் முடிப்பேன்" என்று எழும் குரலை ஆன்மாவின் குரல் என்று எடுத்துக்கொள்வது, அமைச்சனின் உளறலை அரச கட்டளை என்று நம்புவதுதான்.

சரி, தவம் என்றால் வருத்தம் இல்லாமலா? வருத்தம் வேண்டும். திருக்குறளில் தவம் என்ற அதிகாரத்தின் முதல் குறளே வந்த துன்பத்தைப் பொறுப்பதையும், உயிர்களுக்குத் துன்பம் செய்யாதிருப்பதையும் ஒன்றாகச் சேர்த்துத் தவத்தின் வடிவம் என்கிறது. பரிமேலழகர் பின்னதைப் பிற உயிர்கள் என்றே உரை கொள்கிறார். ஓடுகிறவனின் உடம்பையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பது என் கட்சி. கீதையின் பதினேழாம் அத்தியாயத்தில் கண்ணன், பகட்டோடும் அகங்காரத்தோடும் உடம்பின் பூதங்களையும் அதற்குள் உறையும் தன்னையும் வருத்துகிறவர்களை அசுர இயல்பினர் என்றே சொல்கிறான். திருமூலர் மூன்றாம் தந்திரத்தில், உடம்பை இழிவாக நினைத்திருந்த தாம் அதற்குள் இறைவன் கோயில் கொண்டதைக் கண்டபின் அதைப் பேணத் தொடங்கியதாகச் சொல்கிறார். ஆளுக்கொரு வழி போகிறவர்கள் இந்த இடத்தில் ஒன்றுபடுகிறார்கள்.

இப்படிச் சொன்னால் எவனும் முதல் வலியிலேயே உட்கார்ந்துவிடுவானே என்று என் ஓட்ட நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. கொப்புளம், தொடைப் பிடிப்பு, முப்பது கிலோமீட்டருக்குப் பிறகு வரும் வெறுமை, இனி எதற்கு என்ற சலிப்பு ஆகியவை பொறுக்க வேண்டிய துன்பங்கள். அவற்றைத் தாங்கி ஓடுவதில்தான் வேண்டுதலுக்குப் பொருள் இருக்கிறது. வெயிலில் திடீரென்று குளிர் நடுங்குவது, நேரே ஓட முடியாமல் தள்ளாடுவது, வாந்தி, எண்ணிக்கை குழம்புவது இவை வேறு ஜாதி. அவை வந்தபின் எது எது என்று பிரித்தறியும் ஆள் உள்ளே இருக்க மாட்டான். அதனால் நிறுத்தும் உரிமையை முன்கூட்டியே இன்னொருவரிடம் கொடுத்துவிட வேண்டும். இது பலவீனம் இல்லை. அகங்காரத்தை ஒப்படைப்பது என்று நம் பெரியவர்கள் சொன்னதை வேறு எங்கே இவ்வளவு நேராகச் செய்ய முடியும்?

எனக்கு இது புதிதாகவும் தெரியவில்லை. எங்கள் ஊர் நத்தம் பக்கம். தைப்பூசத்துக்கு முன்னால் பழனிக்கு நடக்கும் கூட்டம் எங்கள் தெரு வழியாகத்தான் போகும். பந்தல் போட்டு மோரும் சாப்பாடும் கொடுப்போம், காலுக்குத் தடவ எண்ணெய் வைத்திருப்போம். ஒரு வருடம், பாதம் வீங்கி வெடித்த வயதான அம்மா ஒருவர் நடந்தே தீருவேன் என்று பிடிவாதமாக நின்றார். குழுவை அழைத்துவந்த பெரியவர் சத்தம் போடவில்லை. "பஸ்ஸுல ஏறிக்க ஆத்தா. மிச்சத்த அடுத்த வருசம் நடந்து குடுத்துக்கலாம். முருகன் எங்க போயிடப் போறான்" என்றார். அந்த அம்மா ஏறிக்கொண்டார். அவர் விரதம் முறிந்தது என்று அந்தக் கூட்டத்தில் ஒருவரும் சொல்லவில்லை.

ஓட்டத்தின் வரலாற்றிலும் இதற்குச் சாட்சி உண்டு. 1912 ஜூலை 14 அன்று ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக் மாரத்தான் வழக்கமில்லாத கடும் வெயிலில் நடந்தது. 68 பேர் புறப்பட்டார்கள், ஏறக்குறையப் பாதிப் பேர்தான் முடித்தார்கள். போர்ச்சுகலிலிருந்து வந்த பிரான்சிஸ்கோ லாசரோ என்ற தச்சர் வெயில் தோலைச் சுடாமலிருக்க உடம்பில் மெழுகு பூசிக்கொண்டு ஓடினார் என்று சொல்வார்கள். வியர்வை வெளியேற வழியில்லை. முப்பதாவது கிலோமீட்டர் அருகே விழுந்தவர் மறுநாள் இறந்துபோனார். அதே பந்தயத்தில் ஜப்பானின் ஷிசோ கனகுரி வெப்பம் தாங்காமல் வழியில் ஒரு வீட்டாரிடம் ஒதுங்கி இளைப்பாறினார், யாரிடமும் சொல்லாமல் ஊர் திரும்பினார். வெட்கம்தான் காரணம். ஆனால் உயிரோடு இருந்தார். 1920-இல் ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக்கில் ஓடினார். அதே வருடம் தொடங்கிய ஹகோனே எகிடென் தொடர் ஓட்டத்தை உருவாக்கியவர்களில் ஒருவரானார், அது இன்றும் நடக்கிறது. 1967-இல் சுவீடன்காரர்கள் அழைத்தார்கள். போய் மிச்ச ஓட்டத்தை முடித்தார். அவருக்குக் குறித்துக் கொடுத்த நேரம் 54 வருடம், 8 மாதம், 6 நாள், 5 மணி, 32 நிமிடம், 20.3 விநாடி.

2019-இல் தோஹா உலகப் போட்டியில் பெண்கள் மாரத்தானை வெயிலுக்குப் பயந்து நள்ளிரவில் வைத்தார்கள். புழுக்கம் விடவில்லை. புறப்பட்ட 68 பேரில் 28 பேர் முடிக்கவில்லை. உலகத்தின் தலைசிறந்த ஓட்டக்காரிகள் அவர்கள். அவர்களுக்கு மன உறுதி போதவில்லை என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

அந்தப் பையன் இப்போது என்னிடம் கேட்டால் எளிதாகச் சொல்வேன். கடன் பாதியில் நிற்கவில்லை, தவணை மாறியிருக்கிறது. திருவான்மியூரில் சம்பந்தரும் அப்பரும் பாடிய ஈசனுக்கு மருந்தீசர் என்று பெயர், அகத்தியருக்கு மருந்துகளைப் பற்றி அவரே சொல்லிக்கொடுத்தார் என்பது தலபுராணம். வைத்தியனாக இருக்கும் கடவுள் ஐஸ் தொட்டியைப் பார்த்துக் கோபிக்க மாட்டார்.

வரும் ஜனவரியில் வேண்டிக்கொண்டு ஓடப்போகிறவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். வேண்டும்போதே, நிறுத்தச் சொன்னால் நிற்பேன், மிச்சத்தை அடுத்த முறை தருவேன் என்பதையும் சேர்த்துச் சாமியிடம் சொல்லிவிடுங்கள். கூட ஓடுகிறவரிடமும் அதைச் சொல்லுங்கள். ஓட்ட எண் அட்டையின் பின்பக்கம் உங்கள் இரத்த வகையையும் வீட்டு ஃபோன் எண்ணையும் எழுதி வையுங்கள். வழியில் யாராவது தோளைப் பிடித்து இன்று என்ன கிழமை என்று கேட்டால், கையைத் தட்டிவிடாமல் நின்று பதில் சொல்லுங்கள்.