உறுமலும் ஒரு முறையீடே

கடிக்கின்ற நாய் கெட்ட நாய். கெட்ட நாய்க்குக் கோலே மருந்து. இஃது ஈப்போ நகரின் வீடுகளிலும், பேராக் மாநிலத்தில் முன்பு இரப்பர்த் தோட்டங்களாயிருந்த இடங்களிலும் நம்மவரிடையே இன்றும் வழங்கிவரும் தீர்ப்பாகும். நாயை நீராட்டப் புகுகின்றோம், அது நடுங்குகின்றது. சடைபிடித்த மயிரைச் சீவப் புகுகின்றோம், உறுமுகின்றது. நகம் நறுக்கக் காலைப் பற்றுகின்றோம், கடித்துவிடுகின்றது. உடனே, "உன் நன்மைக்காகவன்றோ செய்தேன், நன்றிகெட்ட பிராணியே!" என்று கையை ஓங்குகின்றோம். இச்சிறு செய்கையினுள்ளே பெரியதோர் அறவினா அடங்கிக் கிடக்கின்றது. நன்மை செய்யப் புகுந்தவனுக்கு வன்மை செய்யும் உரிமை உண்டோ? வேண்டாமென்று எழும் முறையீட்டை அடித்தடக்கிவிட்டுச் செய்யும் நன்மை நன்மையாகுமோ? இதனையே ஈண்டு ஆராய விரும்புகின்றோம்.

நாய்க்கு மயிர் சீவுதல் செல்வரின் வீண் ஆடம்பரம் என்பார் உளர். அவர்க்கு முதலில் ஒரு சொல். தோட்டத்து லயங்களில் வளர்ந்த நாட்டு நாய்க்கு மயிர் குட்டை. அதற்குச் சீப்பு அவ்வளவாகத் தேவைப்பட்டதில்லை. இன்று நகரத்து வீடுகளில் வளரும் ஷிட்ஸு, பூடில் முதலிய சாதி நாய்களுக்கோ மயிர் ஓயாது வளர்ந்துகொண்டேயிருக்கும். சீவாது விட்டால் சடையாகும், சடை தோலைப் பற்றி இழுக்கும், அதன் அடியில் ஈரம் தங்கும், நம் நாட்டு மழையிலும் வெக்கையிலும் அவ்விடம் புண்ணாகும், உண்ணி குடியேறும். நகம் மிக வளர்ந்தாலோ நடையே கோணிப்போகும். உண்ணி எடுத்தலும், காது துடைத்தலும், நகம் நறுக்குதலும் நாட்டு நாய்க்கும் வேண்டுவனவே. ஆகவே இஃது ஆடம்பரமன்று, கடமை. 2015ஆம் ஆண்டில் இயற்றப்பெற்று 2017ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த மலேசிய விலங்கு நலச் சட்டமும், வளர்ப்புப் பிராணியைத் துன்பத்தினின்றும் நோயினின்றும் காத்தல் உடையவனின் பொறுப்பு என்றே வகுத்துள்ளது.

கடமைதான், ஆனால் நாய் ஏன் கடிக்கின்றது? தீய குணத்தாலா? அன்று. நாயின் தோல் நமது தோலினும் மெல்லியது. சடையைச் சீப்பால் இழுத்தால் உயிர் போவதுபோல் நோகும். நமது செவி நொடிக்கு 20,000 அதிர்வுகள் வரையே கேட்கும். நாயின் செவியோ 40,000க்கு மேலும் கேட்கும். மயிர் வெட்டும் மின்பொறியின் இரைச்சல் அதற்கு எவ்வாறிருக்கும் என்பதை நாம் ஊகிக்கத்தான் முடியும். நகத்தினுள்ளே குருதியும் நரம்பும் ஓடும் தசையுண்டு. கறுத்த நகத்தில் அது வெளியே தெரியாது; கத்தரி சிறிது தவறினும் இரத்தம் கசியும். ஒருமுறை அவ்வாறு நொந்த நாய், மறுமுறை கத்தரியைக் கண்டமட்டிலே நடுங்கும். உணவுக்குமுன் ஓர் ஓசையைப் பன்முறை கேட்பித்தால், பின்னர் அவ்வோசை கேட்டவளவிலே நாய்க்கு எச்சில் ஊறும் என்று உருசிய அறிஞர் பாவ்லவ் காட்டினார். இன்பத்திற்கு இயைந்த இவ்விதி துன்பத்திற்கும் இயையும். ஆகவே அந்தக் கடியில் இருப்பது பகையன்று. பட்ட நோவின் நினைவேயாகும்.

இன்னொன்றும் கருதுக. பெரும்பாலான நாய்கள் கடிப்பதற்குமுன் பலமுறை பேசுகின்றன. முகத்தைத் திருப்பிக்கொள்ளும், உதட்டை நக்கும், தூக்கமின்றியே கொட்டாவி விடும், கண்ணின் வெண்மை தெரியப் பக்கவாட்டில் நோக்கும், உடல் விறைக்கும், இவையெல்லாம் பயன்படாதபோது உறுமும். உறுமல் என்பது, "இதற்குமேல் என்னால் பொறுக்கவியலாது" என்னும் இறுதி முறையீடு. அதற்கு அடி கொடுத்தால் போவது யாது? அச்சம் போகாது, உறுமல் மட்டுமே போகும். உறுமத் தடைப்பட்ட நாய் அடுத்தமுறை உறுமாமலே கடிக்கும். "எச்சரிக்கையின்றித் திடீரென்று கடித்துவிட்டது" என்று பின்னர்ப் புலம்புகின்றோம். அவ்வெச்சரிக்கையை அடித்து ஒழித்தவர் யார்?

மேலே பாய்ந்த வேல் உடலில் தைத்திருக்கவும், எறிந்தவனை நோக்கி வாலாட்டும் நாயை நாலடியார் புகழ்கின்றது. நட்பின் உறுதிக்கு அஃது அழகிய உவமை, ஐயமில்லை. ஆனால் வேலேற்றும் வாலாட்டுவதே நாயின் கடமை என்று நாம் முடிவு செய்துவிட்டால், அது நாயின் பெருமையைக் கூறுவதாகாது. வேலெறிந்தவனுக்கு விடுதலை கொடுப்பதாகும். அன்பு தரப்படும் பொருள். அடித்துத் தண்டும் வரியன்று.

இம்மனப்பான்மை நாயோடு நிற்பதாயின் இத்துணை விரித்துரைக்கவேண்டுவதில்லை. மனிதரை நாயோடு ஒப்பிடுகின்றோமல்லோம். அடக்குகின்றவனின் மனம் எங்கும் ஒன்றாயிருத்தலையே சுட்டுகின்றோம். தோட்ட வரலாற்றில் வாய்பேசாத தொழிலாளியே "நல்ல ஆள்" எனப்பட்டான். வாய் திறந்தவன் "தலைவலி" எனப்பட்டான். 1941ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத்துத் தோட்டத் தொழிலாளர் கூலி உயர்வு வேண்டினர். துரைமார்முன்னும் கிராணிமார்முன்னும் சைக்கிளைவிட்டு இறங்கவேண்டும் என்னும் இழிவை ஒழிக்கவும் வேண்டினர். அம்முறையீட்டுக்குக் கிடைத்த விடை யாது? தலைவர் ஆர். எச். நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார்; படை வந்தது; தொழிலாளர் சுடப்பட்டு மாண்டனர். முறையீட்டையே குற்றமாக்கியவர்கள், பின்னர்க் கலகத்தைக் கண்டு வியந்தார்கள். உறுமலுக்கு அடித்துவிட்டுக் கடியைக் கண்டு வியப்பதும் அதே வழியில் செல்லும் அறிவன்றோ?

"நன்று, குழந்தை அழுகின்றதென்று தடுப்பூசி போடாதிருப்போமா? நாயின் இசைவைக் கேட்டுக்கொண்டிருந்தால் சடை அவிழுமா?" என்று கேட்பார் உளர். தக்க கேள்வியே. புண்ணில் புழு வைத்துவிட்டது. சடை தோலை அறுக்கின்றது. இத்தகைய வேளையில் காத்திருத்தல் அருளாகாது. ஆனால் அப்பொழுதும் நால்வர் சேர்ந்து அமுக்கிப் பிடித்தல் வழியன்று. கால்நடை மருத்துவரிடம் கொண்டுசென்று, மயக்கமருந்து கொடுத்துச் செய்வித்தலே வழி. அவசரத்திற்குரிய வன்மை இன்றியமையாததாக, மிகச் சிறியதாக, விரைவில் முடிவதாக இருத்தல்வேண்டும். நகம் நறுக்குவதிலும் மயிர் சீவுவதிலும் அத்தகைய அவசரம் அரிது. அங்கே அவசரம் நாய்க்கன்று, நமக்கே.

அச்சத்தைப் போக்கும் வழியும் உண்டு. 1924ஆம் ஆண்டில் அமெரிக்க உளநூல் அறிஞர் மேரி கவர் ஜோன்ஸ், முயலைக் கண்டு அஞ்சிய ஒரு சிறுவனுக்கு அவன் விரும்பிய தின்பண்டத்தைக் கொடுத்துக்கொண்டே, முயலை நாள்தோறும் சிறிது சிறிதாக அணுகச் செய்து, அவ்வச்சத்தை நீக்கிய செய்தியை வெளியிட்டார். நாய்க்கும் அதுவே முறை. முதல் நாள் சீப்பைக் காட்டி ஒரு கோழித்துண்டு கொடுக்க. மறுநாள் சீப்பின் முதுகால் தொட்டு ஒரு துண்டு. பின்னர் ஒருமுறை சீவி ஒரு துண்டு. ஒரு நாளைக்கு ஒரு நகம் போதும். முகத்தைத் திருப்பினால் நிறுத்துக. நிறுத்தக் கண்ட நாய், தன் சொல் கேட்கப்படுகின்றது என்று அறியும். அறிந்தபின் அதற்குப் பல்லின் தேவை குறையும்.

அருளுடைமை என்பது பேதைமையன்று. கடிக்கும் நாய்க்கு வாய்க்கூடு இடுதல் தகும். அதனையும் முன்னரே உணவு வைத்துப் பழக்குதல்வேண்டும். துணியால் வாயை இறுகக் கட்டுதல் தகாது; நாய் இரைத்தே வெப்பம் தணிப்பது; ஈப்போவின் நண்பகலில் வாய் கட்டுண்ட நாய்க்கு உயிர்க்கே இடராம். நாயைச் சீவும் கடைக்கு அனுப்புவோர், "இது கடிக்கும்" என்பதை மறைத்தல் பெரும் பிழை. கூலிக்கு வேலைசெய்யும் ஓர் ஏழைப் பிள்ளையின் கையை அறியாமற் பறிகொடுக்கச் செய்வது எவ்வறத்தின்பாற்படும்? சிறு குழந்தைகளை அச்சமுற்ற நாயருகே தனியே விடுதலும் ஆகாது. 2015ஆம் ஆண்டில் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களிலும், 2017ஆம் ஆண்டில் சரவாக்கிலும் வெறிநாய் நோய் தலைகாட்டிற்று. ஆதலின் கடிபட்டவர் காயத்தைச் சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனை செல்லவேண்டும். மஞ்சள் பூசிக் காத்திருத்தல் கூடாது. அந்நோய்க்குறி தோன்றியபின் பிழைத்தல் அரிதினும் அரிது.

அன்பர்களே, நன்மை செய்கின்றோம் என்னும் எண்ணம் ஒருவனைக் குருடாக்குவதுபோல் தீய எண்ணமும் குருடாக்குவதில்லை. தீமை செய்பவனுக்குச் சிறிது நாணமேனும் உண்டு. நன்மை செய்பவனுக்கோ தன் கையின் கடுமை தெரிவதேயில்லை. மனைவியைத் திருத்துகின்றேன் என்பவனும், மாணாக்கனை நல்வழிப்படுத்துகின்றேன் என்பவனும், தொழிலாளியைக் காக்கின்றேன் என்பவனும் தம் எதிரே எழும் மறுப்பைச் செவிமடுத்தல்வேண்டும். வீட்டு வாயிலில் அஞ்சி நிற்கும் ஒரு நாயின் உறுமலைக் கேட்டுக் கையை நிறுத்துதல் அதற்கு நல்லதொரு பயிற்சி. இன்று சீப்பைக் கீழே வைத்து நாளைக்கு மீண்டும் எடுப்பதால் நமக்குக் குறைவது ஒன்றுமில்லை.